டோல்கேட் நோட்டில் ஒரு அமாவாசை

ஓசூர் டாக்ஸி ஸ்டாண்டில் போய் ஆஞ்சப்பன் எங்கே என்று விசாரித்தால் இரண்டு பேராவது யாரது என்று திருப்பிக் கேட்பார்கள். பதினேழு எங்கே என்று கேட்டால் டீக்கடைக்காரர்கூட டம்ளரைக் கழுவிக்கொண்டே மோவாயால் காட்டிவிடுவார். அவர் ஓட்டிய அம்பாசிடரின் எண் 3617. அந்த ஸ்டாண்டில் வண்டியின் கடைசி இரண்டு எண்தான் ஓட்டுகிறவரின் பெயர். நாற்பத்திரண்டுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பார்கள். எட்டுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பார்கள். எட்டின் மனைவியே ஒருமுறை ஸ்டாண்டுக்கு வந்து, "எங்க எட்டு சவாரி போயிருக்காருங்களா?" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் ஆஞ்சப்பனுக்கு வேறு பிழைப்பு. மத்திகிரி கால்நடைப் பண்ணையில் பதினொரு வருடம் தினக்கூலியாக இருந்தார். அவருடைய அப்பாவும் அங்கேதான் புல் அறுத்தார். தீவனப் புல் ஏற்றிப் போகும் டிராக்டரின் டிரைவர் பீடி பற்றவைக்க இறங்கும்போதெல்லாம் ஆஞ்சப்பன் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பார். அப்படிப் பிடித்துப் பிடித்தே ஓட்டக் கற்றார். சிப்காட்டில் கம்பெனிகள் பெருகி, மதுரை, திருநெல்வேலி ஆட்கள் மத்திகிரி வரைக்கும் வாடகை வீடு தேடி வர ஆரம்பித்த பிறகு, ஊருக்குப் போகவும் கோயிலுக்குப் போகவும் பெண் பார்க்கப் போகவும் கார் கேட்கிறவர்கள் அதிகமானார்கள். ஆஞ்சப்பன் பண்ணைக் கூலியை விட்டுவிட்டு லைசென்ஸ் எடுத்தார். வண்டி வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. சென்னகிருஷ்ணனிடம் போய் நின்றார்.

சென்னகிருஷ்ணனுக்கு ராயக்கோட்டை ரோட்டில் சைக்கிள் உதிரிபாகக் கடை. மூன்று கார்களை நாள் வாடகைக்கு விட்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பெங்களூரிலிருந்து சரக்கு கொண்டு வருகிறவர்களிடம் கன்னடம். பணம் எண்ணும்போது மட்டும் எதிரில் யார் நின்றாலும் தெலுங்குதான். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் கோபத்தையும் சந்தோஷத்தையும் ஒரே குரலில்தான் சொல்வார்.

அவர் ஆஞ்சப்பனுக்குக் கொடுத்த வண்டி கறுப்பு உடம்பும் மஞ்சள் தலையுமான பழைய அம்பாசிடர். கிலோமீட்டர் முள் செத்து வெகு நாளாகியிருந்தது. டீசல் ஓட்டுகிறவர் செலவு. நாள் வாடகையோடு முப்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் அந்த முப்பது வண்டியின் விலையில் கழியும் என்று பேச்சு. அப்படிக் கழிந்து கழிந்து நான்கு வருடம் ஓடி, வருகிற தை மாதம் ஆர்.சி. புத்தகம் ஆஞ்சப்பன் பெயருக்கு மாற வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லை. சென்னகிருஷ்ணன் சொன்னதுதான் பத்திரம்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அமாவாசையன்று வண்டி ஓடக்கூடாது.

காரணம் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். சென்னகிருஷ்ணனின் முதல் காரை அவருடைய தம்பிதான் ஓட்டினார். ஒரு அமாவாசை மதியம் சூளகிரி இறக்கத்தில், ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதி அங்கேயே போய்விட்டார். அதிலிருந்து சென்னகிருஷ்ணனின் கார்கள் எதுவும் அமாவாசையன்று கிளம்புவதில்லை. அன்றைக்கு வாடகையும் கேட்கமாட்டார். மற்ற டிரைவர்கள் அன்று வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு மும்மடங்கு சவாரி ஓட்டுவார்கள். ஆஞ்சப்பன் மத்திகிரியில் தன் வீட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் வண்டியைக் கழுவி நிறுத்தி, பொட்டு வைத்து, சும்மா இருப்பார். நான்கு வருடத்தில் ஒரு அமாவாசைக்கும் சாவி போட்டதில்லை.

சூளகிரி தாண்டி ஒரு ஓடைமேல் புதிதாகப் பாலம் கட்டி, அதற்கு டோல்கேட் போட்டது தொண்ணூற்று இரண்டில். பாலம் சின்னது, கேட் அதைவிடச் சின்னது. கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, சாலைக்குக் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை, கட்டையின் ஒரு நுனியில் பாரத்துக்குக் கல், மறு நுனியில் கயிறு. காருக்கு ஐந்து ரூபாய். கிருஷ்ணகிரி பக்கம் போகிற ஒவ்வொரு தடவையும் நின்று, சில்லறை தேடி, ரசீது வாங்கிக் கிளம்புவதற்குள் பின்னால் லாரிகள் ஊரைக் கூட்டிவிடும். அதனால் கேட்டைக் குத்தகைக்கு எடுத்தவர், ஓனர்களுக்கு மாதக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். சென்னகிருஷ்ணன் தன் மூன்று கார்களுக்கும் கணக்கு வைத்தார். கணக்கு வண்டி வந்தால் கேட்டில் இருக்கிறவர் நோட்டில் நம்பரையும் தேதியையும் மணியையும் எழுதிவிட்டுக் கட்டையைத் தூக்குவார். மாதம் முடிந்ததும் எந்த வண்டி எந்தத் தேதியில் எத்தனை தடவை என்று ஒரு தாள் ஓனருக்கு வரும்.

வாடகைக் காரில் டோல் எப்போதுமே பார்ட்டி கணக்கு. கேட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆஞ்சப்பன் தலையைப் பாதி திருப்பி, "டோல்கேட்டுங்க" என்பார். பின் சீட்டிலிருந்து ஐந்து ரூபாய் வரும். அதை இடது சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வண்டியை இரண்டாவது கியருக்குக் கொண்டுவந்து வலது கையை ஜன்னலுக்கு வெளியே ஒரு தரம் உயர்த்துவார். கட்டை எழும்பும். வீட்டுக்கு வந்ததும் இடது பையில் இருப்பதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவார். மாதக் கடைசியில் பாட்டிலை அப்படியே சென்னகிருஷ்ணன் மேசையில் கவிழ்ப்பார். தாளும் பாட்டிலும் ஒருநாளும் பிசகியதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, வழக்கம்போல் பாட்டிலைக் கவிழ்த்தார். சென்னகிருஷ்ணன் தெலுங்கில் எண்ணினார். தாளைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரின் அக்டோபர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மாத அமாவாசைகளை அவர் கறுப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருப்பார்.

"ஏம்ப்பா, பதினஞ்சாந் தேதி வண்டி எங்க இருந்துச்சு?"

"அமாவாசை அண்ணா அன்னிக்கு. வீட்டாண்டதான்."

சென்னகிருஷ்ணன் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். 3617, பதினைந்தாம் தேதி, காலை ஏழு பத்து, கிருஷ்ணகிரி பக்கம். அதே தேதி, மாலை ஐந்தே கால், ஓசூர் பக்கம்.

எவனோ தப்பாக எழுதியிருக்கிறான் என்று ஆஞ்சப்பன் சொன்னார். சென்னகிருஷ்ணன் மேசைமேல் அடுக்கி வைத்திருந்த ரூபாய் நோட்டுகளைத் தொட்டார்.

"கணக்கு சரியா இருக்குப்பா. தப்பா எழுதியிருந்தா உங்கிட்ட பத்து ரூவா கொறையணும்ல? வண்டி போகலன்னா அந்தப் பத்து ரூவா பாட்டில்ல எப்படி வந்துச்சு?"

ஆஞ்சப்பனுக்குப் பதினைந்தாம் தேதி நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

அன்று மகாளய அமாவாசை. பக்கத்து வரிசையில் குடியிருந்த சௌந்தரராஜனுக்கு அப்பா போன பிறகு வந்த முதல் மகாளயம். சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒகேனக்கல் போய்த் தண்ணீரில் இறங்கித் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று குடும்பத்தோடு கிளம்பி நிற்கிறார், ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. வேறொரு ஓனரின் வெள்ளை அம்பாசிடர் மட்டும் நிற்கிறது, அதன் டிரைவர் தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போய்விட்டார். நீங்கள் வந்து ஓட்டுங்கள், டிரைவர் பேட்டா தருகிறேன் என்று சௌந்தரராஜன் கேட்டார். ஆஞ்சப்பன் யோசித்துப் பார்த்தார். அமாவாசையன்று ஓடக்கூடாது என்பது 3617க்கு. அது புங்கமரத்தடியில் பொட்டோடு நிற்கிறது. போனார்.

சூளகிரி தாண்டியதும் தலையைப் பாதி திருப்பி, டோல்கேட்டுங்க என்றார். சௌந்தரராஜன் ஐந்து ரூபாய் கொடுத்தார். இடது பை. இரண்டாவது கியர். வலது கை ஜன்னலுக்கு வெளியே. கட்டை எழும்பியது. ஓட்டுகிற வண்டி வேறு, இதற்கு மாதக் கணக்கு இல்லை, நின்று காசு கொடுத்து ரசீது வாங்க வேண்டும் என்பது கிருஷ்ணகிரியில் டீசல் போடும்போதுதான் உறைத்தது. திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். திரும்பும்போது தூறல். சௌந்தரராஜனின் சின்னப் பெண் மடியில் வாந்தி எடுத்திருந்தாள். கேட் வந்ததும் கை தன்பாட்டுக்கு வெளியே போயிற்று. வீட்டில் இடது பையில் பத்து ரூபாய் இருந்தது. அந்தக் கை அதைப் பாட்டிலிலும் போட்டுவிட்டது.

இதை அவர் சென்னகிருஷ்ணனிடம் சொன்னார். தட்டுத்தடுமாறி, முன்னதைப் பின்னால் வைத்துச் சொன்னார். சொல்லும்போதே தனக்கே அது ஜோடித்த கதையாகக் கேட்டது. வெள்ளை வண்டியில் போனேன், ஆனால் கேட்டில் கறுப்பு வண்டியின் நம்பரை எழுதிக்கொண்டார்கள், காசும் கறுப்பு வண்டியின் பாட்டிலில்தான் விழுந்தது. யார் நம்புவார்கள்?

வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அன்று பகல் முழுக்க அவர் மனைவி செல்லி அந்தக் கறுப்பு அம்பாசிடரின் பானெட்டிலும் கூரையிலும் பழைய வேட்டியை விரித்துக் கேழ்வரகு காயவைத்திருந்தார். தூறல் விழுந்ததும் அள்ளினார். வண்டி நகரவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்தச் சாட்சியைச் சொன்னால் காரை மொட்டைமாடி ஆக்கியிருக்கிறீர்களா என்று இன்னொரு வழக்கு வரும். வாயை மூடிக்கொண்டார்.

சென்னகிருஷ்ணன் முழுவதையும் கேட்டார்.

"சாவிய வச்சிட்டுப் போப்பா."

"அண்ணா, தீபாவளி நேரம்."

"தெரியும். வச்சிட்டுப் போ."

வண்டி கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் போயிற்று. ஆஞ்சப்பன் மத்திகிரிக்கு டவுன் பஸ்ஸில் திரும்பினார். நான்கு வருடத்து முப்பது ரூபாய்கள், வருகிற தை, எல்லாம் அந்தக் கொட்டகைக்குள் கிடந்தன. இன்னும் இரண்டரை மாதம். எழுத்தில் எதுவும் இல்லை.

கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கிவிட்டு வந்த செல்லி விஷயத்தைக் கேட்டு, முதலில் கேழ்வரகைப் பற்றித்தான் கேட்டார். "அத சொல்லலையே?" சொல்லவில்லை என்றதும் மூச்சு விட்டார். பிறகு, சௌந்தரராஜனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைக்கலாம் என்றார். சௌந்தரராஜன் அன்று சாயங்காலமே ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டைகூட மாற்றாமல் ஓசூருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சென்னகிருஷ்ணன் அவருக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, டிரைவருக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே, பெரிய மனசு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று செல்லிக்கும் புரிந்தது.

இரண்டு நாள் ஆஞ்சப்பன் ஸ்டாண்டில் போய் வெறுமனே உட்கார்ந்தார். பதினேழுக்கு வண்டி பறிபோன சமாச்சாரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "வண்டி இல்லாத நம்பரு, கூட்டல்லயும் வராது கழித்தல்லயும் வராது" என்று நாற்பத்திரண்டு சொன்னார். கேலிதான். ஆனால் சொல்லிவிட்டு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் ஆஞ்சப்பன் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி டோல்கேட்டில் இறங்கினார். கேட்டில் பகல் வேலை பார்ப்பவன் கந்தன். தென்காசிப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், எல்லோரையும் அண்ணாச்சி என்பான். நேரே போய்க் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தார். கொட்டகையில் வேறு ஆள் நிற்பதைப் பார்த்து எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குத்தகைக்காரரின் ஆள் போலிருக்கிறது. முந்தின நாள் நோட்டில் ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்ததற்காகக் கந்தனை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அடித்தல் திருத்தல் பார்த்தால் ஊருக்கு பஸ் ஏறிவிடலாம் என்று சொன்னது ரோட்டைத் தாண்டிக் கேட்டது. கந்தன் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

அந்த ஆள் மோட்டார் சைக்கிளில் போன பிறகும் ஆஞ்சப்பன் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது டீ சொன்னார். கந்தன் வேலை செய்வதைப் பார்த்தார்.

பார்க்கப் பார்க்கத்தான் விளங்கிற்று. காசு கொடுக்கும் வண்டி என்றால் கந்தன் எட்டி நம்பர் பலகையைப் பார்த்து ரசீதில் எழுதினான். கணக்கு வண்டி என்றால் பலகையைப் பார்ப்பதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே உயர்கிற கையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே மறு கையால் எழுதுவான். ஓட்டுகிறவர்களும் நம்பரால் பெயர் பெற்றவர்கள்தானே. முகத்தைப் பார்த்தால் நம்பர் வந்துவிடுகிறது, பலகை எதற்கு?

ஆஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே போய்விட்டது. இதைக் கந்தனிடம் கேட்டால் என்ன ஆகும்? பயந்துவிடுவான். நான் பார்த்ததைத்தான் எழுதினேன் என்பான். அல்லது ஒத்துக்கொண்டு, அடித்துத் திருத்தி, ஊருக்கு பஸ் ஏறுவான். டீக்குக் காசு கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

ஓசூரில் இறங்கியதும் நேரே கடைக்குப் போனார். சென்னகிருஷ்ணன் சைக்கிள் செயின் ஒன்றை விரல்களால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க வீட்டு பியட்ல பாலம் வரைக்கும் ஒரு தடவ போய்ட்டு வரலாம். நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

"எதுக்குப்பா?"

"கண்ணால பாத்தாத்தான் ஆகும். வாயால சொன்னா நானே நம்பமாட்டேன். அங்க நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். நீங்களும் பேசாதீங்க."

சென்னகிருஷ்ணன் செயினைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஆஞ்சப்பனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த மருமகனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டு பியட் வெளிர்ப்பச்சை நிறம். மாதத்துக்கு நான்கு தடவை கோயிலுக்கும் டாக்டரிடமும் போகிற வண்டி. அதற்கு டோல்கேட்டில் கணக்கு கிடையாது. அம்பாசிடர் யானை என்றால் இது கன்றுக்குட்டி, ஒன்றை இன்னொன்றாகப் பார்க்க யாராலும் முடியாது.

கேட் தெரிந்ததும் ஆஞ்சப்பன் இரண்டாவது கியருக்கு வந்தார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே உயர்த்தினார். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, கனத்தது.

கந்தன் எழுந்து கயிற்றைப் பிடித்தான்.

"என்ன பதினேழு அண்ணாச்சி, நாலு நாளா ஆளக் காணோம்? மேலுக்குச் சொகமில்லையோ?"

கட்டை எழும்பியது. அவன் இடது கை கயிற்றில் இருக்க, வலது கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

"நிறுத்துப்பா" என்றார் சென்னகிருஷ்ணன்.

இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கொட்டகைக்குப் போனார். பின்னால் வந்த லாரியை ஒதுங்கிப் போகச் சொல்லிக் கை காட்டினார். தம்பி, அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். பெரியவர் மரியாதையாகக் கேட்டதால் கந்தன் கொடுத்துவிட்டான். மை காயாத வரி. 3617, பதினொன்று பத்து, கிருஷ்ணகிரி பக்கம்.

"இது என்ன வண்டிப்பா?"

கந்தன் கொட்டகையை விட்டு வெளியே வந்தான். வெளிர்ப்பச்சை பானெட்டை அப்போதுதான் பார்த்தான். அதன் பலகையைப் படித்தான். ஆஞ்சப்பனைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான்.

"பியட்டுல்லா" என்றான் மெதுவாக. "அண்ணாச்சி வந்தாவ. பதினேழுன்னு எழுதிட்டேன்."

"வண்டியப் பாக்கலையா?"

"அண்ணாச்சியத்தான் பாத்தேன்."

பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனவன் அடிக்கவும் பயந்து நின்றான். சென்னகிருஷ்ணன் நோட்டை மூடி அவன் கையில் கொடுத்தார்.

"அடிக்காத. அடிச்சா கேப்பாங்க. அது அப்படியே இருக்கட்டும். மாசக் கடைசில தாள் வரும், நாங் குடுத்துடறேன். அந்த முப்பத்தாறு பதினேழு என் வண்டிதான்."

கந்தனுக்கு அவர் யாரென்று அப்போதுதான் புரிந்தது. கும்பிடுவதா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது. ஆஞ்சப்பன் பாலத்தைத் தாண்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கந்தன் கட்டையைத் தூக்கும்போது இந்தத் தடவை பலகையைப் பார்த்தான், பிறகு ஐந்து ரூபாய் கேட்டான். சென்னகிருஷ்ணன் கொடுத்தார். ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாவி வந்துவிடும், தீபாவளி சவாரி கைதவறாது, தை வரும் என்று ஆஞ்சப்பனின் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. சூளகிரிக்குப் பக்கத்தில் ரோடு ஏறும் இடத்தில் சென்னகிருஷ்ணன் ஓரமாக நிறுத்தச் சொன்னார். வலதுபுறம் அந்தப் புளியமரம். அவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எந் தம்பி ஓட்டுன வண்டிய அடுத்த மாசமே தகரம் தட்டி, பெயிண்ட் அடிச்சு வித்துட்டேன். இன்னிக்கும் தர்மபுரில எங்கயோ ஓடுதுன்னு சொல்றாங்க."

ஆஞ்சப்பன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தார்.

"வண்டிக்கு என்னப்பா அமாவாச? தகரத்துக்கு என்ன வந்துச்சு? நீ போனயில்ல, அன்னிக்கு இதே ரோட்டுல? ரெண்டு வாட்டி இந்த மரத்தத் தாண்டிப் போயிருக்க."

"வண்டி ஓடக்கூடாதுன்னுதானே அண்ணா சொன்னீங்க."

ஒரு லாரி போயிற்று, அதன் பின்னால் ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று போயிற்று.

"ஆமா" என்றார் சென்னகிருஷ்ணன். "அப்படித்தான் சொன்னேன். ஆளப் போகாதன்னு சொல்லத் தெரியல எனக்கு."

கடையில் இறங்கியதும் கொட்டகைப் பூட்டைத் தானே திறந்தார். சாவியைக் கையில் கொடுக்காமல் அம்பாசிடரின் பானெட்டில் வைத்தார். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் பானெட் இடுக்கில் சிக்கியிருந்த இரண்டு மூன்று கேழ்வரகு மணிகளை விரலால் தள்ளிப் பார்த்தார். ஆஞ்சப்பனுக்குக் காது சூடாயிற்று. சென்னகிருஷ்ணன் அந்த மணிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அமாவாசையன்று தூறல் எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் கேட்டார். வீட்டில் நாலு, நாலரை என்று சொன்னார்கள் என்றார் ஆஞ்சப்பன். சென்னகிருஷ்ணன் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

தை மூன்றாம் தேதி புத்தகம் ஆஞ்சப்பன் பெயருக்கு மாறியது. கேட்டில் மாதக் கணக்கு உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று குத்தகைக்காரரின் ஆள் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். ஒவ்வொரு தடவையும் நிற்கிறார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். பார்ட்டி தருகிற ஐந்து ரூபாயை அங்கேயே கொடுத்து, ரசீதை அப்போதே பின் சீட்டுக்கு நீட்டிவிடுகிறார். அவரைக் கண்டதும் கந்தன் இன்னமும் பழக்கதோஷத்தில் கயிற்றை இழுத்துவிடுவான். தூக்கிய கட்டைக்குக் கீழே வண்டியை நிறுத்தி, "நம்பரப் பாத்து எழுதுப்பா" என்பார். அவன் குனிந்து, தனக்கு மனப்பாடமான பலகையை ஒருமுறை படித்துவிட்டு எழுதுவான்.

இப்போது வண்டி அவருடையது, அமாவாசையும் அவருடையது. யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த ஆடி அமாவாசையன்று விடியற்காலையிலேயே சிப்காட்டிலிருந்து ஒரு பார்ட்டி வீடு தேடி மத்திகிரிக்கு வந்தது. இரண்டு பங்கு வாடகை தருகிறோம் என்றார்கள். புங்கமரத்தடியில் வண்டி நின்றது, அதன் கூரைமேல் செல்லி வேட்டியை விரித்துக்கொண்டிருந்தார். வண்டி வராவிட்டால் பரவாயில்லை, வேறு வண்டி இருக்கிறது, டிரைவரையாவது அனுப்புங்கள் என்று கேட்டார்கள். ஆஞ்சப்பன் உள்ளேயிருந்து எழுந்து வருவதற்குள் செல்லி கேழ்வரகைக் கொட்டிப் பரப்பியபடியே பதில் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு வண்டிக்கும் லீவு, பதினேழுக்கும் லீவுங்க. நாளைக்கு வாங்க, ரெண்டும் வரும்."